பருவுக்கு 600 ரூபாய் சீரமா, 4,000 ரூபாய் சீரமா?

அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒன்று மாலில் ஒரு கவுன்ட்டரில் வாங்கியது. கனமான கண்ணாடி, தங்க நிற மூடி, கிட்டத்தட்ட 4,000 ரூபாய். இன்னொன்று அவளுடைய ரூம்மேட் ஆன்லைனில் வாங்கியது, 600 ரூபாய்க்குள். "சித்தி, ரெண்டுலயும் 10% நியாசினமைடுன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் ஏன் இவ்ளோ வித்தியாசம்? விலை அதிகமா இருக்கிறது சீக்கிரம் கேக்குமா?"

நான் மருந்தாளுநர். 18 வருடமாக மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். இதே கேள்வியை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். பரு வந்த முகத்தோடு வருகிறவர்கள் கையில் காசு இருந்தால் விலை உயர்ந்ததை வாங்குகிறார்கள். இல்லையென்றால் "நமக்கு இதுதான் முடியும்" என்று மனசு ஒப்பாமல் விலை குறைந்ததை வாங்குகிறார்கள். இரண்டு பேருமே விலையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பரு விஷயத்தில் விலை மிகக் குறைவாகவே பேசும். பேசுவது மூன்று விஷயங்கள்: உள்ளே என்ன மருந்துப்பொருள், எத்தனை சதவீதம், அது தோலில் எவ்வளவு நேரம் இருக்கிறது.

முதலில் பரு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயசுக்கு வரும் காலத்தில் ஹார்மோன் கூடும்போது எண்ணெய் அதிகமாகச் சுரக்கும். அதே சமயம் துளையின் வாயில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகும். அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் கட்டும். எண்ணெய், அடைப்பு, கிருமி, அழற்சி ஆகிய இந்த நான்கில் ஒன்றையாவது தொடாத க்ரீம், என்ன விலை கொடுத்து வாங்கினாலும் பருவுக்கு மருந்தாகாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்றைக்குக் கண்ணாடியில் தெரியும் பரு இன்றைக்கு ஆரம்பித்ததல்ல. அதன் அடைப்பு வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து, அப்புறம்தான் வெளியே தெரிகிறது. அதனால் எந்த மருந்தையும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பூசிப் பார்த்த பிறகே கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று அடுத்த விலைப் படிக்கு ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். முதல் ட்யூப் வேலை செய்யத் தொடங்குவதற்குள்ளேயே அதை ஓரம் கட்டிவிடுகிறார்கள்.

நிரூபணமானவை எல்லாம் மருந்துக்கடை ட்யூபில்தான்

பருவுக்கு மேல்பூச்சாக நல்ல ஆதாரம் உள்ள பொருள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற ரெட்டினாய்டுகள் (வைட்டமின் ஏ வகை மருந்துகள்), சாலிசிலிக் அமிலம், அசெலாயிக் அமிலம். இவற்றுக்கு ஒரு படி கீழே நியாசினமைடு. இவற்றில் எதுவுமே அபூர்வப் பொருள் இல்லை, காப்புரிமைக்குள் பூட்டி வைத்ததும் இல்லை. பெரும்பாலானவை சாதாரண அலுமினிய ட்யூபில், மாதம் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பவை.

பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். ஆன்டிபயாடிக் ஜெல்லைப் போல அதற்குக் கிருமி பழகிப்போவதில்லை. 2.5%, 5%, 10% என்று மூன்று அளவில் வருகிறது. மூன்றையும் ஒப்பிட்டு 1986-இல் ஓர் ஆய்வு வந்தது. அழற்சியுள்ள பருவைக் குறைப்பதில் 2.5% ட்யூப் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. எரிச்சலும் தோல் உரிவதும் 10%-ஐவிடக் குறைவு. கடையில் "ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கூட்டினால் கூடுவது எரிச்சல்தான். இதைப் பூசுகிறவர்கள் வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். கலர் துணியில் பட்டால் பட்ட இடம் வெளுத்துவிடும்.

அடாபலீன் அடைப்பையே தடுக்கிற மருந்து. வைட்டமின் ஏ-யின் உறவுக்காரன். அமெரிக்காவில் 1996-இல் டாக்டர் சீட்டோடு விற்க அனுமதி கிடைத்தது. 20 வருடம் கழித்து, 2016 ஜூலையில், 0.1% ஜெல்லைச் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. நம் நாட்டில் இன்றும் டாக்டர் சீட்டு வேண்டும். அடாஃபெரின், டெரிவா போன்ற பெயர்களில் 15 கிராம் ட்யூபாகக் கிடைக்கிறது. ராத்திரியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தால் பலன் இல்லை. முதல் சில வாரம் தோல் காயும், உரியும். சிலருக்குப் பரு கூடினது போலக்கூடத் தெரியும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பிக்கச் சொல்கிறோம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இதைத் தொடக்கூடாது. அவர்களுக்கு டாக்டர்கள் அசெலாயிக் அமிலத்தைத் தருவார்கள். 15% ஜெல்லாகவும் 20% க்ரீமாகவும் வரும் அந்த மருந்து பருவோடு சேர்த்து, பரு போன இடத்துக் கறுப்பையும் மெதுவாகக் குறைக்கும். நம் நிறத்துக்கு இது பெரிய உதவி. ஆனாலும் விளம்பரத்தில் அதிகம் அடிபடாத பெயர் இதுதான்.

சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் போய் அடைப்பை இளக்கும். மூக்கின் மேல் கறுப்புக் கறுப்பாக நிற்கும் சின்ன அடைப்புகளுக்கும் நெற்றியில் தடவினால் தட்டுப்படும் சின்னப் பொரிகளுக்கும் ஏற்றது. 0.5% முதல் 2% வரை போதும்.

நியாசினமைடு வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். 1995-இல் 4% நியாசினமைடு ஜெல்லையும் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 1% ஜெல்லையும் எட்டு வாரம் ஒப்பிட்டார்கள். பருவைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. அந்த ஆய்வில் இருந்தது 4%தான். எண்ணெய் சுரப்பதைக் குறைக்கிறது என்று காட்டிய ஆய்வில் 2%. பிறகு கடைக்கு வந்த பாட்டில்களில் 10% ஆயிற்று. எண் பெரிதாக இருந்தால் விற்கிறது என்பதைத் தவிர இதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 10% ஒத்துக்கொள்ளாமல் முகம் சிவந்து வருகிறவர்களை 5%-க்கு இறக்கினால் பல சமயம் சரியாகிவிடுகிறது.

கிளிண்டமைசின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜெல்லைப் பலர் மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் பூசுகிறார்கள். விலை குறைவு, ஆரம்பத்தில் நன்றாகவும் கேட்கும். தனியாகவே தொடர்ந்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், அப்புறம் கேட்காது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

அப்படியானால் 4,000 ரூபாய் எங்கே போகிறது?

அமெரிக்காவின் பௌலாஸ் சாய்ஸ் என்ற பிராண்ட் 10% நியாசினமைடை 20 மில்லி பாட்டிலில் 40 டாலருக்கு மேல் விற்கிறது. கனடாவின் தி ஆர்டினரி அதே 10%-ஐ, கூட 1% துத்தநாகச் சேர்மத்தோடு, 30 மில்லி பாட்டிலில் 6 டாலரை ஒட்டி விற்கிறது. மில்லிக்கு என்று கணக்குப் போட்டால் முன்னது 2 டாலருக்கு மேல், பின்னது 20 சென்ட். பத்து மடங்கு. மருந்துப்பொருளின் சதவீதம் ஒன்றே. விலை கூடினதில் வேறு சில துணைப்பொருள்களும் இருக்கின்றன, பிசுபிசுப்பும் குறைவு. அந்த வித்தியாசம் நிஜம். ஆனால் பருவைக் குறைப்பதில் பத்து மடங்கு வித்தியாசம் வராது.

ஜெய்ப்பூரில் 2020-இல் தொடங்கிய மினிமலிஸ்ட் இதே 10%-ஐ நம் ஊரில் 600 ரூபாயை ஒட்டிக் கொடுக்கிறது. 2021-இல் பௌலாஸ் சாய்ஸை வாங்கியது யூனிலீவர். 2025 ஜனவரியில் மினிமலிஸ்டின் 90.5% பங்கை வாங்குவதாக அறிவித்தது இந்துஸ்தான் யூனிலீவர். ஆக, அந்தப் பத்து மடங்கு ஏணியின் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இன்றைக்கு ஒரே குடும்பம்தான் சொந்தக்காரர். லோரியாலும் அப்படித்தான். கார்னியே, செராவே, லா ரோஷ் போஸே, லான்கோம், ஸ்கின்சூட்டிகல்ஸ் எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். எஸ்டீ லாடரிடம் விலை உயர்ந்த லா மேரும் இருக்கிறது, தி ஆர்டினரியும் இருக்கிறது. ஒரே கம்பெனி ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒரு பிராண்ட் வைத்திருக்கிறது. விலை ஏறும்போது கூடுவது பாட்டிலின் கனம், வாசனை, விளம்பரத்தில் வரும் முகம், கவுன்ட்டரில் நிற்கும் ஆளின் சம்பளம், கொஞ்சம் ஆராய்ச்சி.

லா மேரின் பெயர்பெற்ற க்ரீமையே எடுத்துக்கொள்வோம். 30 மில்லி 200 டாலரை ஒட்டி. மாக்ஸ் ஹியூபர் என்ற விண்வெளி இயற்பியலாளர் கடற்பாசியைப் புளிக்க வைத்து உண்டாக்கியது என்ற கதையோடு விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் போனால் கடற்பாசிச் சாறுக்கு அடுத்து வருவது மினரல் ஆயில், பெட்ரோலேட்டம், கிளிசரின், அப்புறம் நுண்மெழுகு, லேனோலின் ஆல்கஹால். 1911-இலிருந்து வரும் நிவியாவின் நீல டப்பாவைத் திருப்பினால், தண்ணீருக்கு அடுத்து மினரல் ஆயில், நுண்மெழுகு, கிளிசரின், லேனோலின் ஆல்கஹால். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கடற்பாசிச் சாறு நிவியாவில் இல்லை. ஆனால் தோலின் மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கிற வேலையைச் செய்பவை இரண்டிலும் ஒரே வகைப் பொருள்கள். லா மேர் பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் நல்லெண்ணெயும் நீலகிரித் தைலமும்கூட இருக்கின்றன. வறண்ட தோல்காரருக்கு அந்த க்ரீம் சுகமாக இருக்கலாம். எண்ணெய் வழிந்து பரு வருகிற முகத்துக்கு, அதுவும் சென்னை வெயிலில், இந்த இரண்டு டப்பாவும் வேண்டாம்.

அட்டையின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது

அன்றைக்கு அந்த இரண்டு பாட்டிலையும் திருப்பி வைத்து அக்கா மகளோடு உட்கார்ந்து படித்தேன். பட்டியலுக்கு ஒரு விதி இருக்கிறது. அதிகம் உள்ளது முதலில், குறைந்தது பின்னால். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த 1% கோடு எங்கே என்று அட்டையில் போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபீனாக்சி எத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளை நிறைய பாட்டில்களில் பார்க்கலாம். ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே என்று எடுத்துக்கொள்ளலாம்.

600 ரூபாய் பாட்டிலில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பெயர். தண்ணீருக்கு அடுத்தே நியாசினமைடு. 4,000 ரூபாய் பாட்டிலிலும் தண்ணீருக்கு அடுத்து நியாசினமைடுதான். ஆனால் அதில் முப்பதுக்கு மேல் பெயர்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் படம் போட்டிருந்த மூலிகைகள் மூன்றும் ஃபீனாக்சி எத்தனாலுக்குப் பின்னால் நின்றன. அவற்றுக்கும் பின்னால் பர்ஃப்யூம், லிமோனீன், லினலூல். அதாவது வாசனைப் பொருள்கள். "உனக்கு இதைப் பூசினதும் கன்னம் எரியுதா?" என்று கேட்டேன். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு அந்தக் கடையில சொன்னாங்க சித்தி" என்றாள்.

இல்லை. எரிவது வேலை செய்வதன் அடையாளம் இல்லை. அடாபலீன் போன்றவை முதலில் கொஞ்சம் காயவைக்கும் என்பது வேறு. நியாசினமைடு சீரம் ஒவ்வொரு தடவையும் எரிகிறதென்றால் தோல் வேண்டாம் என்று சொல்கிறது. பரு வந்த தோல் ஏற்கெனவே அழற்சியில் இருக்கிறது. வாசனை அதற்கு எந்த நன்மையும் செய்வதில்லை. சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். விலை ஏற ஏற வாசனை சேர்வதுதான் அதிகம். இந்த ஒரு விஷயத்தில், மணமே இல்லாத மருந்துக்கடை ட்யூப் பருத்தோலுக்கு நல்லது.

பின்னால் வருவதெல்லாம் வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்), ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹைலூரோனிக் அமிலம் போன்றவை 1 சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும். அடாபலீன் 0.1%தான். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்து படிக்க வேண்டும்.

"நான்-காமெடோஜெனிக்", அதாவது துளையை அடைக்காதது என்று அட்டையில் போட்டிருந்தால் நல்ல அறிகுறிதான், ஆனால் உத்தரவாதம் இல்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது. பழைய காலத்தில் முயலின் காதில் பூசிப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அதில் தேங்காய் எண்ணெய்க்கு 4. இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றி ஒன்று. நெற்றி முழுக்கச் சின்னப் பொரியாக வந்து நிற்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கத்தைப் பற்றித்தான். ராத்திரி எண்ணெய் தேய்த்துப் படுத்தால் அது நெற்றிக்கும் தலையணைக்கும் இறங்கும். அதை நிறுத்தி, தலையணை உறையை அடிக்கடி மாற்றியே நெற்றி தெளிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடக் கொடுக்கலாம்

ஃபேஸ் வாஷ் முகத்தில் இருப்பது அரை நிமிடம். அப்புறம் சாக்கடைக்குப் போகிறது. அதில் தங்கத் துகளோ வைட்டமினோ எதற்கு? நுரை கொஞ்சமாக வருகிற, வாசனை இல்லாத, கழுவிய பின் முகத்தை இழுத்துப் பிடிக்காத எந்த ஃபேஸ் வாஷும் போதும். சோப்புக் கட்டி மட்டும் வேண்டாம். தோலின் இயல்பான அமிலத்தன்மை பிஎச் 5-ஐ ஒட்டியது. சோப்பு 9, 10 வரை போகும். இதில் பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ் மட்டும் விதிவிலக்கு. முதுகுப் பருவுக்கு அதைப் பூசி சில நிமிடம் விட்டுக் குளித்தால் நல்ல பலன் உண்டு.

மாய்ஸ்ச்சரைசரிலும் மிச்சம் பிடிக்கலாம். எண்ணெய்த் தோலுக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். பரு மருந்துகள் தோலைக் காயவைக்கும்; காய்ந்தால் எரியும்; எரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவீர்கள். மருந்தைத் தொடர்ந்து போட வைப்பதே மாய்ஸ்ச்சரைசர்தான். கிளிசரின் இருந்தால் போதும், தோலிலேயே இயல்பாக இருக்கும் கொழுப்பான செரமைடும் இருந்தால் இன்னும் நல்லது. லோஷனாகவோ ஜெல்லாகவோ 300, 400 ரூபாயில் நல்லவை இருக்கின்றன.

கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிற இடங்களும் உண்டு. வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும். ஸ்கின்சூட்டிகல்ஸின் பேர்போன சீரம் 15% வைட்டமின் சி, 1% வைட்டமின் ஈ, 0.5% ஃபெருலிக் அமிலம் சேர்ந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் செய்த ஆராய்ச்சியின் பயன். 150 டாலருக்கு மேல். அந்த விலையில் ஆய்வுக்கு ஒரு பங்கு நிஜமாகவே உண்டு. ஆனால் அது வெயிலால் வருகிற பாதிப்புக்கும் நிறத்திட்டுக்கும் உரியது. பரு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது முதல் செலவு இல்லை. எந்த விலையில் வாங்கினாலும் பாத்ரூம் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். பழுப்பாக மாறிவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

ரெட்டினாலும் அப்படித்தான். வாய் அகலமான டப்பாவில் வந்தால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காற்றுப்படும். ட்யூபோ பம்போ இருக்கட்டும்.

சன்ஸ்கிரீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நிறத்துக்குப் பருவைவிடப் பரு போன இடத்துக் கறுப்புத்தான் அதிக நாள் நிற்கும். பரு ஒரு வாரத்தில் அடங்கும். கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும். வெயில் பட்டால் அது இன்னும் அழுந்தும். அதனால் பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் மற்ற எல்லாவற்றுக்கும் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

அட்டையில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகமும் கழுத்தும் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும். கைக்கணக்கில், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு. அக்கா மகளைப் பிழியச் சொன்னேன். அவள் வழக்கமாக எடுப்பது ஒரு விரல் நுனியில் பாதி. "இவ்ளோவா?" என்று இரண்டு விரலையும் பார்த்துக் கேட்டாள். தினம் ஒரு தடவை இப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் 40 நாளில் தீர்ந்துபோகும். இங்கேதான் விலை நேராக வேலையைக் கெடுக்கிறது. 2,000 ரூபாய் ட்யூபைக் கையில் வைத்திருப்பவர் அதை மூன்று மாதம் வரச் செய்யப் பார்ப்பார், பொட்டுப் பொட்டாக வைப்பார். 450 ரூபாய் ட்யூபை வைத்திருப்பவர் தாராளமாகப் பூசுவார். இரண்டாமவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஜிங்க் ஆக்சைடு நிறைய உள்ள சில விலை குறைந்த சன்ஸ்கிரீன்கள் நம் நிறத்தில் சாம்பல் பூசின மாதிரி தெரியும். அப்படித் தெரிந்தால் யாரும் தினமும் பூச மாட்டார்கள். டினோசார்ப் போன்ற, வெயிலைத் தடுக்கும் புதிய வடிகட்டிகள் உள்ளவை வெள்ளை படியாமல் லேசாக இருக்கும். அந்த ஒன்றுக்காக 200, 300 ரூபாய் கூடக் கொடுப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். கறுப்புத் திட்டு அதிகம் உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் வாங்கலாம். சாதாரண சன்ஸ்கிரீன் சரியாகத் தடுக்காத வெளிச்சத்தையும் அது ஓரளவு தடுக்கும்.

விலை குறைவு ஆபத்தாகும் இடம்

"இதே குடுங்க" என்று காலி ட்யூபோடு வருவார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். அந்த ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த க்ரீம், அல்லது பீட்டாமெத்தசோன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ப்யூட்டி பார்லரில் கொடுத்தார்கள் என்பார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பரு அமுங்கும். அப்புறம் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயிலில் போனால் எரிந்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். முகத்தில் முடி வளர்வதும் உண்டு. ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கண்டிப்பாக்கியது. ஆனாலும் காலி ட்யூப்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொடுக்க மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

தயாரிப்பாளர் முகவரி இல்லாத, பொருள்களின் பட்டியல் இல்லாத வெளுக்கும் க்ரீம்களைத் தொடவே வேண்டாம். பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் 2023-இல் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்தபோது, அப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பிரபல பிராண்டின் பெயரில் நம்ப முடியாத தள்ளுபடியில் வருவதும் போலியாக இருக்கலாம். சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு வாரம் ஃபேஸ் வாஷ், மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்று மட்டும். தோல் அமைதியானதும் ஒரே ஒரு மருந்து. நான்கையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது கேட்டது, எது எரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புதியதை முதலில் காதுக்குப் பின்னால் அல்லது தாடையின் ஓரத்தில் மூன்று நாள் பூசிப் பாருங்கள். மூன்று பொருளையும் சேர்த்து முதலில் 1,200 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். சன்ஸ்கிரீன் தவிர மற்ற இரண்டும் இரண்டு மாதமாவது வரும்.

மிச்சம் பிடித்த காசை எங்கே போடுவது என்று கேட்டால், தோல் டாக்டரின் ஃபீஸில் என்பேன். கட்டி கட்டியாக வலிக்கிற பரு, தழும்பாகக் குழி விழுகிற பரு, தாடையோரம் மட்டும் வந்து மாதவிடாயும் தள்ளிப்போகிற பெண்களின் பரு, இவற்றுக்கு எந்த சீரமும் பதில் இல்லை. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப் பொரியாக வந்து அரிக்கிறதென்றால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். வியர்வை அதிகமுள்ள ஊர்களில் அடிக்கடி பார்க்கிறோம். பரு மருந்து அதற்குக் கேட்காது. குழி விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் லேசர் செலவுக்கு முன்னால் 4,000 ரூபாய் பாட்டில் சின்னத் தொகை. அதனால் குழி விழும் முன்பே போய்விடுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா ட்யூபையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதையும் சேர்த்து. இதுவரை என்ன பூசினீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது பெயர் ஞாபகம் வராது. அக்கா மகளுடைய பையில் ஒன்பது இருந்தன. டாக்டர் மேசை மேல் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, தொடர வேண்டியவை என்று மூன்றை அவள் பக்கம் தள்ளினார். அதில் அந்த 600 ரூபாய் பாட்டில் இருந்தது. கூட ஒரு அடாபலீன் ட்யூப் எழுதிக் கொடுத்து, பன்னிரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.